மணவறையில் மேளம் ஒலிக்கட்டும்: திருமண அழைப்புகள் பெருக மங்கல இசைக் குழுக்களுக்குச் சில வழிகள்

திருமாலையே மணாளனாக வரித்துக்கொண்ட ஆண்டாள் நாச்சியார், தாம் கண்ட திருமணக் கனவைத் தோழியிடம் எடுத்துரைக்கும் பதிகத்தில், மத்தள முழக்கத்தையும் சங்கின் ஒலியையும் மறவாமல் குறிப்பிடுகிறார். கனவில் நிகழ்ந்த திருமணத்திற்கே இசை இன்றியமையாததாக இருந்தது என்றால், நனவில் நடைபெறும் திருமணத்திற்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் நம் முன்னோர் நாதஸ்வரத்தையும் தவிலையும் வெறும் வாத்தியங்களாகக் கருதாமல், 'மங்கல வாத்தியம்' என்று பெயரிட்டுப் போற்றினர்.

மணமகன் தாலி கட்டும் வேளையில் தும்மலோ, அழுகுரலோ, அமங்கலச் சொல்லோ எவர் செவியிலும் விழலாகாது என்பதற்காகவே கெட்டிமேளம் முழக்கப்படுகிறது. மூன்று முடிச்சும் விழும்வரை அந்த முழக்கம் தாழ்வதில்லை. அந்தச் சில நொடிகளே ஒரு மேளக் குழுவின் முழுத் திறமைக்கும் உரைகல் ஆகும்.

ஆனால் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில மண்டபங்களில் காணும் காட்சி வேறு. குருக்கள் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். மேடையோரத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர் மடிக்கணினியில் ஒரு விசையை அழுத்துகிறார். சில வேளைகளில் முதல் முடிச்சு விழுவதற்கு முன்பே அந்த ஒலி ஓய்ந்துவிடுகிறது. சில வேளைகளில் மூன்றாம் முடிச்சும் விழுந்த பின்னரே தொடங்குகிறது. இயந்திரத்திற்குத் தாலியும் தெரியாது, தருணமும் தெரியாது.

இதனைத் திருமண வீட்டாரின் சொந்த விருப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. இது ஆலயங்களையும் தொட்டு நிற்கும் சிக்கலாகும். பெரும்பாலான ஆலயங்கள் வழங்கும் சம்பளத்தைக் கொண்டு மட்டும் ஓர் இசைக் கலைஞர் குடும்பம் நடத்துவது அரிது. திருமண வருமானமே அவரைத் தொழிலில் நிலைக்கச் செய்கிறது. திருமண அழைப்பு குறைந்தால் கலைஞர் வேறு வேலைக்குச் செல்வார். கலைஞர் சென்றுவிட்டால் சுவாமி புறப்பாட்டிற்கு வாசிக்க ஆள் இராது. மின்விசையால் முரசும் மணியும் தாமே ஒலிக்கும் இயந்திரங்கள் பல ஆலயங்களில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டன. மணவறையில் மேளம் ஓய்ந்தால் கருவறையின் முன்னும் அது ஓய்ந்துவிடும் என்பதை ஆலயத் தொண்டர்கள் உணர வேண்டும்.

ஆகவே, மங்கல இசைக் குழுக்கள் தங்கள் திருமண அழைப்புகளைப் பெருக்கிக்கொள்ளும் வழிகளை ஆராய்வது காலத்தின் தேவையாகிறது.

அழைப்பவர் மாறிவிட்டார்

தோட்டப்புற வாழ்க்கையில் திருமணம் என்பது லயத்து மக்கள் அனைவரின் பொறுப்பாக இருந்தது. பந்தல் போடுவது ஒருவர், சமையலுக்கு ஒருவர், மேளத்திற்குச் சொல்லி அனுப்புவது கோயில் தலைவர் அல்லது குடும்பத்துப் பெரியவர் என்று முறை இருந்தது. எந்தக் குழுவை அழைப்பது என்னும் கேள்வியே எழவில்லை. கோயில் திருவிழாவுக்கு வந்த குழுவே கல்யாணத்திற்கும் வந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தத் தொடர்பு அறுந்தது. இன்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் மணமக்களே. பல மாதங்களுக்கு முன்பே மண்டபத்தைப் பதிவு செய்கிறார்கள். அடுத்து ஒளிப்பதிவாளர், மணமேடை அலங்காரம், உணவு, ஒப்பனை என்று வரிசையாக ஏற்பாடு செய்கிறார்கள். மேளம் என்பது இறுதியில் நினைவுக்கு வருகிறது. அப்போது கையிருப்பும் குறைந்திருக்கும், நாளும் நெருங்கியிருக்கும். "ஒலிபெருக்கிக்காரரே பாட்டைப் போட்டுவிடுவார்" என்று யாரேனும் சொன்னால் போதும், மேளம் கைவிடப்படும்.

பாட்டியும் அத்தையும் சொல்லி அழைப்பு வந்த காலம் போய்விட்டது என்பதை உணராத குழு, திறமை எவ்வளவு இருந்தாலும், வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான். மண்டபம் பதிவாகும் அந்த முதல் நாளிலேயே தன் பெயர் மணவீட்டார் காதில் விழும்படி செய்துகொள்ளும் குழுவே அழைப்பைப் பெறும்.

பெயர் எங்கே ஒலிக்க வேண்டும்?

ஒரு திருமணத்தில் மேளக் குழுவைப் பரிந்துரைக்கக்கூடியவர்கள் சிலரே. நாள் குறித்துக் கொடுக்கும் குருக்கள், மண்டபப் பொறுப்பாளர், மணமேடை அலங்கரிப்பாளர், சமையல் ஒப்பந்தக்காரர், ஒளிப்பதிவாளர் ஆகியோரே அவர்கள். இவர்கள் தமக்குத் தொல்லை தராத குழுவையே பரிந்துரைப்பார்கள். நேரத்திற்கு வராத குழுவைச் சொல்லி எந்தக் குருக்களும் பழியேற்க விரும்பமாட்டார். பந்தி நடக்கும்போது பரிமாறும் வழியை அடைத்து உட்காரும் குழுவைச் சமையல்காரர் மறுமுறை சொல்லமாட்டார். ஆகவே, பரிந்துரை பெறுவதற்குக் கையூட்டோ, கமிஷனோ தேவையில்லை. உடன் பணியாற்றுவோரின் வேலையை எளிதாக்கினாலே போதுமானது.

அடுத்ததாக, ஆலயமே ஒரு குழுவிற்குச் சிறந்த அரங்கமாகும். கும்பாபிஷேகத்தைத் தொடர்ந்து நடைபெறும் 48 நாள் மண்டலாபிஷேகம், நவராத்திரி, கந்த சஷ்டி, பங்குனி உத்திரம் போன்ற காலங்களில் திருமண வயதில் மக்களை வைத்திருக்கும் பெற்றோர் நூற்றுக்கணக்கில் வருகின்றனர். அங்கே ஈடுபாட்டோடு வாசிக்கும் குழுவை அவர்கள் கவனிக்கத் தவறுவதில்லை. ஆலய உற்சவத்தில் ஏனோதானோ என்று ஊதிவிட்டு, கல்யாணத்தில் மட்டும் சிறப்பாக வாசிப்போம் என்று எண்ணும் குழு தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது.

வளைகாப்பு, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, அறுபதாம் ஆண்டு நிறைவான மணிவிழா, எண்பதைக் கடந்தோருக்கான சதாபிஷேகம் ஆகிய நிகழ்ச்சிகளையும் சிறியவை என்று ஒதுக்கலாகாது. தாத்தாவின் மணிவிழாவில் வாசித்த குழுவைப் பேத்தியின் திருமணத்திற்கு அழைப்பது நம் குடும்பங்களின் இயல்பு.

இன்றைய மணமக்கள் கைத்தொலைபேசியில் கேட்டுப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். ஆதலால் ஒவ்வொரு குழுவும் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேற்படாத ஒளிப்பதிவு ஒன்றை வைத்திருக்க வேண்டும். மணமகளை அழைத்து வரும் கட்டம், கெட்டிமேளம், விருந்தின்போது வாசிக்கும் மெல்லிசை ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். கலையகத்தில் மெருகேற்றிய பதிவைவிட, உண்மையான மண்டபத்தில் எடுத்த பதிவே நம்பிக்கை தரும். மற்றொரு குடும்பத்தின் திருமணக் காட்சியை வெளியிடுமுன் அக்குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெறுவது நாகரிகமாகும். வாட்ஸ்அப் வழியே வரும் விசாரணைக்கு அன்றைய தினமே மறுமொழி கூறிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கூறப்படும் மறுமொழி, வேறொரு குழு பதிவு செய்யப்பட்ட பிறகே சென்று சேரும்.

சடங்கு அறிந்து வாசித்தல்

அழைப்பைப் பெற்றுத் தருவது பெயர் என்றால், அடுத்த அழைப்பை ஈட்டித் தருவது வாசிப்பு ஆகும். திருமணம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அமர்ந்திருக்கின்றன. இதனைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

பிள்ளையார் பூசையின்போது ஹம்சத்வனி இராகத்தில் அமைந்த விநாயகர் கீர்த்தனை ஒலித்தால் அவையே ஒடுங்கி அமர்கிறது. மணமகளைத் தோழியர் அழைத்து வருகையில் 1961-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாசமலர்' திரைப்படத்தின் புகழ்பெற்ற தோழிப் பாடலைக் கேட்பதற்கென்றே காத்திருக்கும் மூதாட்டியர் உண்டு. ஊஞ்சலுக்கும் நலுங்குக்கும் ஆனந்தபைரவி அழகு சேர்க்கும். தியாகராச சுவாமிகளின் சீதா கல்யாணக் கீர்த்தனையைக் குறிஞ்சி இராகத்தில் வாசிக்கும்போது, மணமேடையே மிதிலை ஆகிவிடுகிறது. சோகம் தோய்ந்ததாகக் கருதப்படும் முகாரியை மணவறையில் தவிர்ப்பது மரபு. சுவாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரியை மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசிப்பதும் பொருந்தாது. இறைவனுக்குரியதை இறைவனுக்கே விட்டுவைக்கும் அடக்கம் கலைஞருக்கு வேண்டும்.

நம் நாட்டில் இந்துத் திருமணம் என்பது ஒரே முறையில் நடைபெறுவதன்று. இலங்கைத் தமிழர் இல்லங்களில் பொன்னுருக்கலும் தாலி, கூறை மரபும் முதன்மை பெறுகின்றன. நகரத்தார் திருமணத்தில் 'திருப்பூட்டுதல்' எனப்படும் சடங்கும் சங்கொலியும் உண்டு. தெலுங்கர் திருமணத்திலோ, மணமக்கள் ஒருவர் தலையில் மற்றவர் சீரகமும் வெல்லமும் கலந்த கலவையை வைக்கும் நொடியே முகூர்த்த நொடியாகும். தாலி கட்டுவது அதன் பின்னரே வரும். இதனை அறியாத குழு, தாலிக்காகக் காத்திருந்து உண்மையான முகூர்த்தத்தைத் தவறவிட்டுவிடும். ஒவ்வொரு சமூகத்தின் சடங்கு வரிசையையும் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் குழு, ஒரு சமூகத்தாருக்கு வாசித்தால் அச்சமூகத்தின் மற்ற குடும்பங்களும் அதனையே தேடி வரும்.

கெட்டிமேளத்திற்குத் தனிக் கவனம் தேவை. இக்காலத்தில் ஒளிப்பதிவாளர்களும் உறவினர்களும் கைத்தொலைபேசியுமாக மணமேடையைச் சூழ்ந்துகொள்கின்றனர். தவில் கலைஞரின் கண்ணுக்குக் குருக்களின் கை தெரிவதில்லை. ஆகவே திருமணம் தொடங்குமுன் குருக்களிடம் சென்று, எந்தச் சைகையில் தொடங்குவது, எந்தச் சைகையில் நிறுத்துவது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். தாளம் போடுபவரை மேடையருகே நிறுத்தி, அவர் கையசைவைத் தவில் கலைஞர் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம். சிறிய ஏற்பாடுதான், ஆனால் இதுவே மடிக்கணினியால் செய்ய இயலாத வேலை. உயிருள்ள குழுவை எதற்காக அழைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடையாகும்.

ஒலியும் அளவும்

மேளம் வேண்டாம் என்போர் கூறும் முதற்காரணம், "காது அடைக்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியவில்லை" என்பதாகும். இக்குறையைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்து பார்க்க வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கும் நான்கு வீதிக்கும் உரியவை. தாழ்ந்த கூரையும் மூடிய கதவுகளும் உடைய குளிர்சாதன மண்டபத்தில் அவற்றிற்கு ஒலிபெருக்கி வைப்பது தேவையற்றது. ஒலிவாங்கியை அகற்றச் சொல்லும் துணிவு குழுத் தலைவருக்கு இருக்க வேண்டும்.

உயர்ந்த சுருதியுடைய திமிரி நாயனத்தைவிட, நீளமும் ஆழ்ந்த நாதமும் கொண்ட பாரி நாயனம் மூடிய மண்டபத்திற்கு ஏற்றது. நாதஸ்வர மாமேதை திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரி நாயனத்தைக் கையாண்டு பரப்பியதால், அந்தக் கம்பீர நாதம் கச்சேரி மேடைகளிலும் நிலைபெற்றது. குருக்கள் மந்திரம் ஓதும்போது சுருதி மட்டும் இழைய விட்டு நிறுத்திக்கொள்வதும், பந்தி நேரத்தில் தவிலைத் தாழ்த்தி வாசிப்பதும் விருந்தினரின் மனத்தைக் கவரும். எப்போது வாசிக்க வேண்டும் என்பதை அறிவது கலை. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அறிவது அதனினும் பெரிய கலை.

குளிர்சாதன மண்டபத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாணல் வகைத் தட்டையால் ஆன சீவாளி வறண்ட காற்றில் உலர்ந்துவிடும். குளிர்ந்த காற்றில் நாயனத்தின் சுருதி இறங்க, மின் சுருதிப் பெட்டி மட்டும் தன் நிலையிலேயே நிற்கும். மழையில் நனைந்த காற்றில் தவிலின் தோல் தளரும், குளிர்சாதனத்தில் இறுகும். அக்காலத்தில் வார்ப்பிடிப்பால் இறுக்கிய தவிலைவிட, இன்றைய இரும்பு வளையமும் திருகாணியும் பொருத்திய தவிலில் சுருதி சேர்ப்பது எளிது. எனினும் அதற்கும் நேரம் தேவை. முகூர்த்தத்திற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக மண்டபத்தை அடைந்து, வாத்தியங்களை அந்தக் காற்றிலேயே வைத்துப் பழக்க வேண்டும். சீவாளிகள் சிலவற்றை மாற்றாக எடுத்துச் செல்ல வேண்டும். சுருதி சேராத மேளத்தை விட மௌனம் மேல் என்று கேட்பவர் எண்ணும் நிலை வரலாகாது.

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாதஸ்வரத்திற்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அத்தகைய வாத்தியத்தைக் கையில் ஏந்தும் கலைஞர், அதற்கேற்ற தூய்மையான வேட்டியும் துண்டும் அணிந்து, திருநீறு துலங்க அமர்வதும் முக்கியம். இன்றைய திருமணம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்படுகிறது. மேடைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரும் அப்பதிவில் இடம்பெறுகிறார்.

எழுத்தில் இருக்கட்டும்

மேளக் குழுக்களைப் பற்றிய மனக்கசப்பில் பெரும்பங்கு வாசிப்பால் வருவதன்று. பேச்சு மாறுவதால் வருவதாகும். "மாப்பிள்ளை அழைப்பும் சேர்த்துத்தானே பேசினோம்" என்று மணவீட்டாரும், "அதற்குத் தனித் தொகை" என்று குழுவினரும் மண்டப வாசலில் வாக்குவாதம் செய்வது ஒரு மங்கல நாளுக்கு அழகன்று. தாலி கட்டி முடிந்த பரபரப்பில் பணப்பை யாரிடம் உள்ளது என்று தெரியாமல், கலைஞர்கள் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்து நிற்பதும் உண்டு.

இவை அனைத்திற்கும் மருந்து ஒரு தாள் ஒப்பந்தமே. அதில் நாள், மண்டபம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை நாதஸ்வரம், எத்தனை தவில், எந்தெந்தச் சடங்குகள், போக்குவரத்துச் செலவு, முன்பணம், மீதித் தொகையை வழங்கும் உறவினர் யார், எப்போது வழங்குவார் ஆகியன தெளிவாக எழுதப்பட வேண்டும். குடும்பத்தில் துக்கம் நேர்ந்து திருமணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோதும், அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் கட்டுப்பாடுகள் தொடங்கியபோதும், ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டிருந்த திருமண நிகழ்ச்சிகள் நின்றுபோயின. எழுத்தில் எதுவும் இல்லாத இடங்களில் முன்பணம் குறித்த மனவருத்தம் ஏற்படுவது இயல்பே. அந்தக் காலம் கற்றுத் தந்த பாடம் மறக்கத்தக்கதன்று.

கட்டணத்தைப் பொறுத்தவரையில், "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்பது பண்பாகத் தோன்றினாலும் குழப்பத்தையே விளைவிக்கும். முகூர்த்தம் மட்டும், மாப்பிள்ளை அழைப்புடன் கூடிய முகூர்த்தம், மாலை விருந்துபசரிப்பும் சேர்ந்தது என்று மூன்று நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் தொகையை முன்கூட்டியே கூறிவிடலாம். வசதி குறைந்த குடும்பத்திற்கு ஒரு நாயனம், ஒரு தவில், சுருதிப் பெட்டி என்ற சிறிய ஏற்பாடும் இருக்க வேண்டும். எளியோர் வீட்டுத் திருமணத்திலும் உயிருள்ள மேளம் ஒலிக்க அதுவே வழி. மாறாக, மற்றொரு குழுவைவிடக் குறைத்துக் கேட்டு அழைப்பைப் பறிப்பது நெடுநாள் நிலைக்காது. விலை குறையக் குறையக் கலைஞர் எண்ணிக்கை குறையும். அதன் பின் தரம் குறையும். முடிவில் மடிக்கணினியே வெல்லும்.

நாள் பெருகும்போது நாணயம் தேவை

ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடைபெறுவது அரிது. புரட்டாசியைத் தவிர்ப்போரும் உளர். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாள்கள் நெருங்கி வரும். அவற்றிலும் சனி, ஞாயிறுகளில் வரும் வளர்பிறை முகூர்த்தத்திற்கு எல்லாரும் போட்டியிடுவர். ஒரே நாளில் மூன்று அழைப்புகள் வந்து நிற்கும்.

குழுவின் நாணயம் சோதிக்கப்படும் இடம் இதுவே. மூன்றையும் ஏற்றுக்கொண்டு, குழுவைத் துண்டாடி, பழகுநிலை மாணவர்களை அனுப்பி வைப்பது அன்றைக்கு இலாபமாகத் தோன்றும். ஆனால் பெயருள்ள கலைஞரை எதிர்பார்த்துப் பணம் கொடுத்த குடும்பம், முன்பின் அறியாதவர் வந்து தடுமாறுவதைக் கண்டால், அதனை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்காட்டும். ஒன்றை ஏற்று, மற்ற இரண்டையும் நம்பிக்கையான வேறு குழுக்களுக்குப் பரிந்துரைப்பதே சிறந்தது. அக்குழுக்களும் தம் நெருக்கடி நாளில் கைமாறு செய்யும். கிள்ளானில் உள்ள குழுவும் ஈப்போவில் உள்ள குழுவும் பினாங்கில் உள்ள குழுவும் இவ்வாறு தொடர்பு வைத்துக்கொண்டால், தொலைவு காரணமாகக் கைவிடப்படும் அழைப்புகளும் வீணாகா.

அழைப்பு குறைவான ஆடி, மார்கழி மாதங்கள் ஆலய உற்சவத்திற்கும் பயிற்சிக்கும் உரியவை. புதிய கீர்த்தனை பயிலவும், மணமக்கள் விரும்பிக் கேட்கும் இக்காலத் திரைப்பாடல்களில் மணவறைக்குப் பொருந்துவனவற்றைத் தேர்ந்து சேர்க்கவும் அம்மாதங்களைப் பயன்படுத்தலாம். 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்திற்காக மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம், கச்சேரிக்குச் சென்றறியாத மக்களையும் அவ்வாத்தியத்தின்பால் ஈர்த்தது. திரையிசை மரபின் பகையன்று. அளவறிந்து கையாண்டால் மரபுக்கு அதுவே வாயில் ஆகும்.

உள்நாட்டுக் கலைஞர்

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆலயங்களுக்கென வரவழைக்கப்படும் வித்துவான்களின் தொண்டு போற்றுதற்குரியது. எனினும், எந்த நிறுவனத்தின் பெயரில் வேலை அனுமதி வழங்கப்பட்டதோ, அந்நிறுவனத்தின் பணிக்கே அவர்கள் உரியவர்கள். குடிநுழைவு விதிகளை ஆராயாமல் அவர்களைத் தனியார் திருமணங்களுக்கு அழைத்துச் செல்வது கலைஞரையும் ஆலயத்தையும் இக்கட்டில் தள்ளிவிடும். ஆகவே, திருமண மேடைக்கு நிலையான நம்பிக்கை உள்நாட்டுக் கலைஞர்களே.

அவர்களிடம் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. நம் திருமணங்களுக்கு மலாய், சீன நண்பர்களும் திரளாக வருகின்றனர். இப்போது ஏன் மேளம் விரைந்து முழங்கியது, இப்போது ஏன் நின்றது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு சொற்களில் விளக்கக்கூடியவர்கள் இம்மண்ணில் பிறந்து வளர்ந்த இளைஞர்களே. விருந்தினர் பொருள் உணர்ந்து கேட்கும் இசைக்கு மதிப்பு கூடுகிறது. அந்த மதிப்பு மணவீட்டாரின் பெருமையாகிறது.

ஆலயமும் மணவீட்டாரும் செய்யத்தக்கவை

குழுக்கள் மட்டும் முயன்றால் போதாது. திருமண மண்டபம் வைத்திருக்கும் ஆலயங்கள், பதிவுப் படிவத்தில் 'மங்கல இசை' என்று ஒரு வரியைச் சேர்க்கலாம். மண்டபத்தைப் பதிவு செய்ய வரும் இளையோரிடம், தகுதி வாய்ந்த உள்நாட்டுக் குழுக்களின் பட்டியலை நடுநிலையோடு வழங்கலாம். செலவில்லாத இந்த ஒரு வரி, கடைசி நேரத்தில் நினைவுக்கு வரும் மேளத்தை முதல் நாளிலேயே நினைவூட்டிவிடும். ஆலயத்தில் நாதஸ்வர, தவில் வகுப்பு நடத்த உபயதாரர்கள் முன்வந்தால், ஒரு நாள் அன்னதான உபயத்திற்கு ஒப்பான புண்ணியம் அதிலும் உண்டு.

மணவீட்டாரும் கலைஞர்களை வேலையாள்களாகக் கருதாமல், மங்கலம் கொண்டு வருவோராக மதிக்க வேண்டும். குருக்களின் கை தெரியும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை அமைப்பது, விடியற்காலை முகூர்த்தம் என்றால் முன்னதாகக் காப்பியும் சிற்றுண்டியும் வழங்குவது, பேசிய தொகையை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து முகமலர்ச்சியோடு கொடுப்பது ஆகியன பெரிய செலவுகள் அல்ல. மனம் நிறைந்த கலைஞரின் வாசிப்பில் அந்நிறைவு ஒலிக்கத்தான் செய்யும்.

திருமணம் முடிந்த சில நாள்களில் குழுத் தலைவர் மணவீட்டாரை அழைத்து, "எல்லாம் மனத்திற்கு நிறைவாக இருந்ததா?" என்று ஒரு சொல் கேட்டால், குறை இருப்பின் அது ஊருக்குப் போகாமல் அவரிடமே வந்து சேரும், நிறை இருப்பின் அடுத்த அழைப்பாக மாறும்.

மணப்பெண்ணின் கழுத்தில் மூன்றாம் முடிச்சு விழும் நொடியில், சபையோர் தூவும் அட்சதையோடு தவிலின் முழக்கமும் அவள் தலைமேல் ஆசியாகப் பொழிகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் தன் பேத்தியிடம் அந்நாளைப் பற்றிக் கூறும்போது, உணவின் சுவை மறந்திருக்கும்; மேடையில் பூத்த மலரின் நிறம் மறந்திருக்கும்; அந்த முழக்கம் மட்டும் காதில் நிற்கும். அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்காமல், மனிதர் கையாலும் மூச்சாலும் வழங்கச் செய்வது கலைஞர், ஆலயம், மணவீட்டார் ஆகிய மூவரின் கடமையாகும். எல்லாம் வல்ல இறையருளால் இல்லந்தோறும் மங்கலம் பெருகுக. மணவறைதோறும் மேளம் முழங்குக!